சட்டம் கேட்கவில்லை; கடல் கேட்கிறது!

கார் ஓட்ட லைசென்சு வேண்டும். ஆனால் பிரிட்டனில், 24 மீட்டருக்கு உட்பட்ட சொந்தப் பாய்மரப் படகைக் கடலில் உல்லாசமாகச் செலுத்த லைசென்சு தேவை இல்லை. அப்படியிருந்தும் பலர் பணம் கட்டிப் பயிற்சி பெறுகிறார்கள். ஏன்?

இங்கிலாந்தின் தென்கரைக்கும் வைட் தீவுக்கும் இடையே உள்ளது சாலென்ட் ஜலசந்தி. அங்கே புதியவர்களுக்கு 5 நாள் பயிற்சி நடக்கிறது. படகே வீடு, படகே பள்ளிக்கூடம். சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதிலேதான். சுக்கான் பிடிப்பது, முடிச்சுப் போடுவது, பாயை ஏற்றுவது, காற்று வலுத்தால் பாயைச் சுருக்குவது எல்லாம் பாடம். தண்ணீரில் விழுந்தவரை மீட்பதும் பாடம்.

இதுதான் முக்கியம். கணவனும் மனைவியும் மட்டுமே படகில் போகிறார்கள் என்று வையுங்கள். படகு ஓட்டத் தெரிந்த கணவன் தவறி விழுந்தால்? படகை நிறுத்த மனைவிக்குத் தெரியாவிட்டால், அது அவரை விட்டு விலகிப் போய்விடும். குளிர்ந்த கடலில் நெடுநேரம் தாங்க முடியாது.

1979 ஆகஸ்டில் 'பாஸ்ட்நெட்' படகுப் பந்தயத்தைப் புயல் தாக்கியது. பந்தயக்காரர் 15 பேர் மாண்டனர். பந்தயத்துக்கு வந்தவர்களுக்கே அந்தக் கதி!

குரோவேஷியாவில் படகை வாடகைக்கு எடுத்து ஓட்டச் சான்றிதழ் கட்டாயம். பிரிட்டனிலும் சட்டம் போட்டால் என்ன? போடலாம். ஆனால் சான்றிதழ் கேட்பது படகை ஓட்டுகிறவரிடம்தான். கூடப் போகிறவரிடம் யாரும் கேட்பதில்லை. ஆபத்தில் கைகொடுக்க வேண்டியவரோ அவர்தான்.

5 நாளில் யாரும் மாலுமி ஆகிவிட முடியாது. ஆனால் ஓர் உயிரைக் காக்கப் பழகலாம்.