ஆஹர் கரையும் ‘சமூகம்’ என்ற எழுவாயும்

சென்ற வாரம் ஒரு கருத்தரங்கில் தென்பிகாரின் ஆஹர்–பைன் பாசனம் குறித்த கட்டுரை வாசிக்கப்பட்டது. ‘சமூகம்’ என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணத் தொடங்கிப் பாதியிலேயே விட்டுவிட்டேன் (மொழியியல் படித்தவர்களின் கெட்ட பழக்கம்). சமூகம் கரை கட்டிற்று, சமூகம் வாய்க்கால் தூர்வாரிற்று, காலனியம் வந்தது, சமூகம் சிதைந்தது. இத்தகைய எழுவாய்க்குப் பின்னால் மண் சுமந்த ஆள் மறைந்துபோகிறான் என்பதே என் குற்றச்சாட்டு.

அமைப்பின் நுட்பத்தை நான் மறுக்கவில்லை. கயை வட்டாரத்தில் நிலம் தெற்கிலிருந்து வடக்கே கங்கையை நோக்கிச் சரிகிறது. பல்கு போன்ற ஆறுகள் மழைக்காலத்தில் சில நாட்கள் பெருக்கெடுத்துப் பின் மணலாகின்றன. ஆண்டு மழை ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர்; குறைவென்று சொல்ல முடியாது. ஆனால் அது நம்பத்தக்கதன்று. செப்டம்பர் இறுதியில், அத்த நட்சத்திரத்தில் பெய்யவேண்டிய ‘ஹதியா’ மழை பொய்த்தால் கதிர்விடும் நெல் கருகும். ஆகவே ஆற்றுநீரைத் திருப்பப் பைன் என்னும் வாய்க்கால். சரிவில் வழியும் நீரைத் தேக்க ஆஹர். அதற்கு மூன்று புறம் கரை, நான்காம் புறம் நிலத்தின் ஏற்றமே. நீரை வடித்தபின் ஆஹரின் படுகையிலேயே ரபி பயிர் விதைப்பார்கள்.

இதைப் பராமரித்தது யார்? ‘பாவ்லி’ முறையில் குத்தகை விளைச்சலின் பங்காக வசூலிக்கப்பட்டது. நீர் குறைந்தால் ஜமீன்தாரின் களஞ்சியமும் குறையும். அதனால் அவர் செலவு செய்தார். பணக்குத்தகை பரவியபோது அந்த அக்கறை தளர்ந்தது. 1950ஆம் ஆண்டின் பிகார் நிலச்சீர்திருத்தச் சட்டம் ஜமீன்தாரை அகற்றியது. அவருடைய பராமரிப்புக் கடமையை ஏற்க எவரும் இல்லை. நிர்மல் சென்குப்தா பல பத்தாண்டுகளுக்கு முன்பே இவ்வமைப்பின் நிர்வாகத்தை ஆராய்ந்து எழுதிவிட்டார். அவரை மேற்கோள் காட்டுவோர் வாசித்தும் இருக்கலாம். பாவ்லியின் கொடுமை தாளாமல் பணக்குத்தகையை விரும்பியவர்களில் குடியானவர்களும் உண்டு என்பது ‘பொற்காலச் சிதைவு’க் கதையில் இடம்பெறுவதில்லை.

பிறகு ‘கோவாம்’. கரை உடைந்தால் ஊரார் கூடிச் செய்யவேண்டிய கட்டாய உழைப்பு. ‘கூட்டுழைப்பு’ என்று மொழிபெயர்த்தவுடன் கட்டாயம் உதிர்ந்துவிடுகிறது. வீட்டுக்கொரு ஆள் என்றால், நிலம் மிகுந்த வீட்டிலிருந்து மண்வெட்டியுடன் வந்தது வீட்டுக்காரரா, அவருடைய கமியாவா? தென்பிகாரின் கமியாக்களை, குறிப்பாகப் புய்யா மக்களின் கொத்தடிமை வரலாற்றை, கியான் பிரகாஷ் 1990இல் நூலாகவே எழுதினார். நீர்ப்பாசன ஆய்வாளர்கள் அந்நூலை வேறு துறையின் சொத்தாகக் கருதுகிறார்கள் போலும்.

தமிழர்களாகிய நாமும் இதே பிழையைச் செய்கிறோம். ‘குடிமராமத்து’ என்பதில் ‘குடி’யைக் கேட்டு நெகிழ்கிறோம்; மராமத்து அரபியிலிருந்து வந்த சொல் என்பதுகூடச் சிலருக்கு உறுத்தும். அந்த வழக்கமான உழைப்பைத் தர மறுப்போரைப் பணியவைக்க 1858இல் சென்னை மாகாணம் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றவேண்டியிருந்தது. விருப்பத்தோடு நடந்த பணிக்குச் சட்டத்தின் பிரம்பு எதற்கு?

“அப்படியானால் ஆஹர்களைக் கைவிடலாமா?” என்று அரங்கில் ஒருவர் கேட்டார். இல்லை. ஆழ்துளைக் கிணறு நிலத்தடி நீரை எடுக்கும். ஆஹர் அதை ஊட்டும். புதுப்பிக்கத்தான் வேண்டும். ஆனால் 2019இல் தொடங்கிய ஜல்–ஜீவன்–ஹரியாலி திட்டத்தில் நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்றுவதும் ஒரு பணி. படுகையை மெல்லத் தன் பட்டாவோடு சேர்த்துக்கொண்டவரும், போக்கிடமின்றிக் கரைமேல் குடிசை போட்டவரும் அந்த ஒரே சொல்லுக்குள் அடைபடுகிறார்கள். குடிசையைப் பிரிப்பது எளிது. பட்டாவைத் தொடுவது கடினம்.

எனவே அடுத்த கட்டுரையாளரிடம் என் கோரிக்கை சிறியது. ‘சமூகம்’ என்று எழுதும் இடங்களிலெல்லாம் அதை அடித்துவிட்டு, நிலம் உடையவர், குத்தகைதாரர், கூலியாள் என்று பிரித்து எழுதுங்கள். தூர்வாரியபின் வரும் நீர் இவர்களில் யாருடைய வயலுக்குப் போகிறது என்று ஓர் அட்டவணை போடுங்கள். அதை வாசிக்கும் அமர்வுக்கு நான் முதல் வரிசையில் வந்து அமர்கிறேன்.