குழு லோன் 'டியூ' கட்டாவிட்டால் வீட்டுக்கு வந்து உட்காரலாமா? விதிகள் சொல்வது என்ன?

டெல்லி மோதி பாக்கில் வீட்டு வேலை பார்ப்பவரோ, விழுப்புரத்தில் பூ விற்பவரோ, மைக்ரோஃபைனான்ஸில் குழு லோன் வாங்கும் எல்லோருக்கும் ரிசர்வ் வங்கியின் விதி ஒன்றுதான். 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

சுய உதவிக் குழுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழுக்களில் முதலில் சேமிப்பு, பிறகுதான் கடன். யாருக்கு எவ்வளவு என்பதைக் குழுவே முடிவு செய்யும். குழு லோனில் பணம் தருவது நிறுவனம். உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன். ஒருவர் டியூ கட்டாவிட்டால் மற்றவர்கள் கைக்காசைப் போட வேண்டியிருக்கும்.

எவ்வளவு கடன் தரலாம்?

ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்கு ஈடு இல்லாமல் தரும் கடன் இது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உதாரணமாக, வருமானம் 16,000 ரூபாய் என்றால் வரம்பு 8,000. ஏற்கெனவே 6,000 கட்டுகிறீர்கள் என்றால் புது லோனின் தவணை 2,000-க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் வருமானத்தைக் கூட்டி எழுதினால் இந்தப் பாதுகாப்பே போய்விடும். கையெழுத்துப் போடும் முன் அந்த எண்ணைப் பாருங்கள். வட்டிக்கு இவ்வளவுதான் என்ற உச்ச வரம்பு இப்போது கிடையாது; அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வசூலுக்கு வீட்டுக்கே வரலாமா?

இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் வசூலிக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை அங்கே நீங்கள் வராவிட்டால் மட்டுமே வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது. திட்டுவது, மிரட்டுவது, பலர் முன்னால் அவமானப்படுத்துவது, உறவினர்களைத் தொந்தரவு செய்வது எல்லாமே தவறு. 2025-ல் தமிழ்நாடும் வலுக்கட்டாய வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டம் கொண்டுவந்தது.

அப்படியானால் ஓட்டை எங்கே?

இந்த விதிகள் நிறுவனத்தையும் அதன் ஆட்களையும்தான் கட்டுப்படுத்தும். வாசலில் நின்று கேட்பது பக்கத்து வீட்டு அக்கா என்றால்? அவரும் ஜாமீன் போட்டவர். அவர் வீட்டிலும் காசு இல்லை. பெண்களை வீட்டை விட்டு வெளியே கொண்டுவந்து கூட்டத்தில் உட்கார வைத்தது குழுதான். டியூ தவறினால் அதே தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாமல் செய்வதும் குழுதான். எத்தனை பெண்களுக்கு லோன் போனது என்ற கணக்கில் இது வராது.

எங்கே புகார் செய்வது?

முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. லோன் கார்டை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். அதுதான் உங்கள் கையில் இருக்கும் சாட்சி.