ஃபிளாட்டுக்கு ஜாதகம் பார்த்தீர்களா?

ஆடித் தபசுக்கு எங்கள் சங்கரன்கோவிலுக்கு வந்திருந்த தோழி ஒருத்தி, கோமதி அம்மன் சந்நிதிப் புற்று மண்ணைப் பேரன் நெற்றியில் இட்டுக்கொண்டே சொன்னாள்: "அக்கா, சென்னையில புது ஃபிளாட்டுக்குப் போனதுல இருந்து பிள்ளைக்கு ஒரே இழுப்பு. டாக்டர், மருந்து இருக்கட்டும், முதல்ல வீட்டுச் சுவத்தைப் பாருங்கன்னுட்டாரு."

பார்த்தால், குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில், பீரோ மறைவில், கறுகறுவென்று பூஞ்சை! வீட்டுக்கு வயது ஒன்றரை வருஷம்தான். தரையில் தண்ணீர் தேக்கிக் கசிவு பார்க்காமலே டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். "ஒட்டறதுக்கு முன்னாடி யாரும் வந்து பார்க்கலையா?" என்றேன். "அது கட்டாயமில்லையாம்க்கா. வேணும்னா நாமளே இன்ஜினீயர் வெச்சுப் பார்த்துக்கணுமாம்."

இந்த 'வேணும்னா'வோடுதான் எனக்குச் சண்டை.

நீங்களே சொல்லுங்கள். நாம் அட்வான்ஸ் கொடுக்கப் போகும்போது பெரும்பாலும் தூண்கள் எழும்பி, பூச்சும் முடிந்திருக்கும். உள்ளே கம்பி எத்தனை, அதன் மேல் கான்கிரீட் மூடியிருக்கிறதா, ஏழு முதல் பத்து நாள் தண்ணீர் ஊற்றி ஆறவிட்டார்களா... சுண்ணாம்பு அடித்த சுவரைத் தட்டிப் பார்த்து எந்த இன்ஜினீயர் சொல்ல முடியும்? எங்கள் பக்கத்துக் கரிசல் மண் மழைக்கு ஊதும், கோடைக்குப் பிளக்கும். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்பதைக் குழியை மூடும் முன்பே பார்த்தாக வேண்டும். அந்த நேரத்தில் வாங்குகிறவர் அங்கே இருப்பதில்லை!

2014 ஜூன் 28. சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை நாளில் சரிந்து 61 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் பிழைக்க வந்த கூலித் தொழிலாளர்கள். அது திருட்டுத்தனமாக எழும்பிய கட்டடம் இல்லை, திட்ட அனுமதி வாங்கியது. பக்கத்தில் நின்ற இன்னொரு கோபுரமும் ஆபத்து என்று 2016 நவம்பர் 2-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். தாளில் அனுமதி இருந்தது. மண்ணையும் தூணையும் கட்டக் கட்டப் பார்த்த கண்தான் இல்லாமல் போயிற்று.

சட்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் பெரிய கட்டடங்களுக்குப் பணி நிறைவுச் சான்று கட்டாயம். சிறிய குடியிருப்புகளுக்கு விலக்கு. 2016-ன் ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு செய்த திட்டத்தில் ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், புகார் தந்த 30 நாளில் கட்டியவரே இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலம், அல்லது எட்டு வீடு வரை என்றால் பதிவே தேவையில்லை! எங்கள் மாதிரி ஊர்களில் அளவாகக் கட்டுகிற அடுக்குமாடிகள் இந்த ஓட்டையில்தான் நுழைகின்றன.

"இன்னொரு ஆபீஸ், இன்னொரு கவர்... அதுதான் நடக்கும்" என்றார் தெரிந்த மேஸ்திரி ஒருவர். நியாயமான பயம்தான். அதனால்தான், பார்க்கிற இன்ஜினீயரைக் கட்டுகிறவர் தேர்ந்தெடுக்கக் கூடாது என்கிறேன். அஸ்திவாரம், ஒவ்வொரு தளக் கம்பி, குழாய், எர்த் ஒயர் என்று கட்டத்துக்குக் கட்டம் அவர் எழுதும் அறிக்கையை வாசலிலேயே ஒட்டட்டும். போகிற வருகிறவர்கள் படிக்கட்டும்! செலவு கொஞ்சம் ஏறும், வேலை சில நாள் தள்ளும். ஏறட்டுமே. இருபது வருஷம் தவணை கட்டப் போகிற வீடு அல்லவா?

அந்தச் சட்டம் வரும்வரை? சாவி வாங்கும் முன் கான்கிரீட் கட்டியின் 28 நாள் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். குளியலறையில் இரண்டு நாள் தண்ணீர் தேக்கச் சொல்லி, கீழ்வீட்டுக் கூரையைப் போய்ப் பாருங்கள். தோழி இப்போது டைல்ஸைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறாள். பேரன் பாட்டி வீட்டில், எங்கள் தெருவில், இழுப்பு இல்லாமல் ஓடி விளையாடுகிறான்.