இல்லத்தரசியின் பக்கம்: கேக்கிற்கு ஏற்ற பழுப்புச் சர்க்கரை எது?



கிறிஸ்துமஸ் கேக் செய்யும் காலம் நெருங்கும்போது, நகரத்துப் பெரிய கடைகளில் ‘பிரவுன் சுகர்’ என்ற பெயரில் பலவிதப் பொட்டலங்களைக் காண்கிறோம். நிறம் ஏறக்குறைய ஒன்றே, விலையோ வெவ்வேறு. எதைத் தெரிந்துகொள்வது?

கரும்புச் சாற்றிலிருந்து சீனியைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் மொலாசஸ் என்னும் கரும்பாகே இச்சர்க்கரைக்கு நிறமும் மணமும் அளிக்கிறது. இளம்பழுப்பு வகையில் ஏறக்குறைய 3.5 சதவீதமும், அடர்பழுப்பு வகையில் 6.5 சதவீதமும் கரும்பாகு உண்டு. இது ஈரத்தைப் பிடித்து வைப்பதால் கேக் காய்ந்துபோகாமல் மிருதுவாக இருக்கும்.

சாதாரண கேக்கிற்கும் பிஸ்கட்டிற்கும் இளம்பழுப்பே போதுமானது. உலர்ந்த பழங்களும் இஞ்சி, பட்டை, கிராம்பும் சேரும் கேக்கிற்கு அடர்பழுப்பு அல்லது மஸ்கவாடோ சிறந்தது. டெமராரா சர்க்கரையின் மணிகள் பெரியவை. வெண்ணெயோடு எளிதில் கரையா. ஆகவே அதை மாவில் கலப்பதைவிட மேலே தூவுவதே நலம்; மொறுமொறுப்பான மேற்பரப்பு கிடைக்கும்.

கையில் பொட்டலத்தை எடுத்ததும் நிறத்தைப் பாராமல் தொட்டுப் பாருங்கள். ஈரமணல்போல் அழுந்தினால் கரும்பாகு நிறைந்தது. உதிரி உதிரியாக இருந்தால் டெமராரா போன்ற மணிச்சர்க்கரை. செய்முறையில் கூறப்படுவது பெரும்பாலும் முதலாவது வகையே. அதைக் கோப்பையில் அழுத்தி நிரப்பியே அளக்க வேண்டும். சர்க்கரை கட்டியாகிவிட்டால், ஒரு ரொட்டித் துண்டுடன் காற்றுப்புகாத டப்பாவில் ஓர் இரவு வைத்தால் இளகிவிடும்.

இது கிடைக்காத இடத்தில் வெல்லத்தை உபயோகிக்கலாம். வடநாட்டுக் கடைகளில் ‘குட்’ என்றும், மராத்தியில் ‘கூள்’ என்றும் கேட்டு வாங்குங்கள். நன்றாகப் பொடித்துச் சலித்து, கல் மண் நீக்கிச் சேர்க்கவும். வெல்லத்தில் ஈரம் அதிகமாதலால் பாலைச் சற்றுக் குறைக்க வேண்டும். கேக்கும் சிறிது கனமாகவே வரும்.

மற்றொன்றையும் கவனியுங்கள். கரும்பாகு சற்றுப் புளிப்புத் தன்மையுள்ளது. சமையல் சோடாவுடன் சேர்ந்து கேக்கை எழும்பச் செய்கிறது. அதற்குப் பதில் வெள்ளைச் சீனியை இட்டால், தயிர் போன்ற வேறு புளிப்பு இல்லாவிடில் கேக் நன்கு எழும்பாமற்போகலாம்.

முடிவாக ஓர் எச்சரிப்பு. “பழுப்புச் சர்க்கரைதானே, ஒன்றும் செய்யாது” என்று சொல்லி, நீரிழிவு உள்ள பெரியோருக்குப் பெரிய துண்டாக வெட்டிக் கொடுப்போர் உண்டு. 100 கிராம் வெள்ளைச் சீனியில் ஏறக்குறைய 387 கலோரி, பழுப்பில் 380. இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை; வெல்லமும் அப்படியே. அதிலுள்ள தாதுக்களும் மிகச் சொற்பமே. ஆகையால் பழுப்புச் சர்க்கரையைச் சுவைக்காகவும் மிருதுத்தன்மைக்காகவும் தெரிந்துகொள்ளுங்கள். ஆரோக்கியம் என்றெண்ணி அதிக விலை கொடுக்க வேண்டாம். விருந்துக்கு வரும் முதியோருக்கோ, அன்போடு சிறு துண்டையே பரிமாறுங்கள்.