78 பைகள்

இந்த வாரமும் அந்தச் செய்தி வந்து சேர்ந்தது. காலையில் ஒரு நண்பர் அனுப்பினார். மாலைக்குள் உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் ஏறிவிட்டது. அமெரிக்காவுக்குப் பெயர் தந்தவர் அமெரிகோ வெஸ்புச்சி இல்லையாம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் துறைமுகத்தில் சுங்கம் வசூலித்த ரிச்சர்ட் அமெரிக்தானாம். 1497இல் ஜான் கபோட் மேற்கே கப்பல் விட இவர் பணம் கொடுத்தாராம், கபோட் நன்றி மறக்காமல் புது நிலத்துக்கு இவர் பெயரைச் சூட்டினாராம். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நான் என்ன கேட்பேன் என்று தெரியும். சான்று எங்கே?

இந்தக் கதையைக் கிளப்பியவர் பிரிஸ்டலின் பழமை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ஹட், ஆண்டு 1908. அவர் துணைக்கு அழைத்த கையெழுத்துப் பிரதி அதற்கு முன்பே தீயில் போய்விட்டது. மறுபக்கம், 1507இல் வால்ட்சேமுல்லர் உலகப்படத்தோடு வெளியான நூல், அமெரிகோவின் பெயரால்தான் அந்த நிலத்தை அழைக்கிறோம் என்று அச்சிலேயே சொல்கிறது. பெயர்ச் சண்டை அதோடு முடிந்தது.

எனக்குக் கோபம் வருவது அதற்காகக்கூட இல்லை. அமெரிக் என்ற மனிதரை இந்தப் பொய் மறைத்துவிடுகிறதே என்பதற்காக. நிஜமான அமெரிக் கணக்கு எழுதியவர். அவருடைய கணக்கு இன்றும் இருக்கிறது.

1897இல், கபோட் பயணத்தின் நானூறாம் ஆண்டில், வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் ஆவணக் காப்பாளர் எட்வர்ட் ஸ்காட் ஒரு தோல் சுருளை வெளியிட்டார். 1496 முதல் 1499 வரை பிரிஸ்டல் துறையின் சுங்க வரவு செலவு அது. கணக்குக் கொடுத்தவர்கள் இருவர்: ஆர்தர் கெமிஸ், ரிச்சர்ட் அப் மெரிக். இரண்டாமவர்தான் நம் அமெரிக். பெயரே சொல்வதுபோல வேல்ஸ் வம்சம். அந்தப் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் யார் என்றால் அதே ஹட்! கையில் இவ்வளவு நல்ல ஆவணத்தை வைத்திருந்தவர், பத்தாண்டு கழித்து எரிந்துபோன தாளைத் தேடிப் போனதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

அக்காலச் சுங்கம் எளிமையானது. வரும் ஒயினுக்குப் பீப்பாய்க்கு மூன்று ஷில்லிங். மற்றச் சரக்குகளில் பெரும்பாலானவற்றுக்குப் பவுண்டு மதிப்புக்கு ஒரு ஷில்லிங், அதாவது இருபதில் ஒரு பங்கு. கப்பல் எது, மாலுமித் தலைவன் யார், எந்த வணிகருடைய சரக்கு, எவ்வளவு பெறும் என்று வரி வரியாக எழுத வேண்டும். மைக்கேல்மஸ் திருநாளோடு ஆண்டுக் கணக்கு முடியும். பிறகு கருவூல நீதிபதிகள் முன்னால் ஒப்புவிக்க வேண்டும்.

இப்போது கபோட். 1497 டிசம்பர் 13 அன்று இங்கிலாந்து அரசர் ஏழாம் ஹென்றி அவருக்கு ஆண்டுக்கு 20 பவுண்டு ஓய்வூதியம் அறிவித்தார். பிரிஸ்டல் சுங்கப் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. கபோட் கேட்டுப் போனார். பணம் கிடைக்கவில்லை. தணிக்கையில் காட்ட உரிய தாள் எங்களிடம் இல்லை என்பது சுங்கக்காரர்களின் பதில். 1498 பிப்ரவரி 22 அன்று அரசர் இன்னொரு ஆணை பிறப்பித்து அந்தத் தாளைக் கொடுக்கச் செய்த பிறகே வழி பிறந்தது. புதிய கண்டத்தைக் கண்டு வந்தவனைக்கூட வவுச்சர் இல்லாமல் திருப்பி அனுப்பிய இந்த அமெரிக்கை எனக்கு மிகவும் பிடிக்கும். அரசு அலுவலகத்தில் பில் பாஸ் செய்த எவருக்கும் அவர் நிலைமை புரியும். தாள் இல்லாமல் கொடுத்த பணம் அவர் தலையில்தான் விடியும். அவர் கபோட்டுக்குக் கொடுத்ததாக ஆவணம் காட்டும் பணம் அரசருடைய பணம், அதுவும் இரண்டாவது ஆணைக்குப் பிறகு.

அந்தச் சுருளில் கபோட்டின் 20 பவுண்டு 1499இல் முடிந்த கணக்கிலும் செலவாக ஏறியிருக்கிறது. கபோட்டோ 1498இல் ஐந்து கப்பல்களோடு போனவர். கடலோடு போய்விட்டார் என்பதுதான் நெடுங்காலம் சொல்லப்பட்டது. அப்படியானால் மறு ஆண்டுப் பணத்தை யார் வாங்கியது? அவரா, அவர் மனைவியா? ஒரு சுங்க அதிகாரியின் ஒற்றை வரி இத்தனை பெரிய கேள்வியைக் கிளப்புகிறது.

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்கக்கூடிய ஒருவர் நம் காலத்திலேயே இருந்தார். ஆல்வின் ரடக். லண்டன் பிர்க்பெக் கல்லூரியில் வரலாறு கற்பித்தவர். சவுத்தாம்ப்டன் துறைமுகத்து இத்தாலிய வணிகர்களைப் பற்றி 1951இல் அவர் எழுதிய நூலை நான் எத்தனை பேருக்குச் சிபாரிசு செய்திருப்பேன்! அதன் பிறகு பல ஆண்டுகள் கபோட்டின் தடத்தைப் பல நாட்டு ஆவணக் காப்பகங்களில் தேடினார். 1992இல் எக்ஸெட்டர் பல்கலைக்கழகப் பதிப்பகத்துக்கு ஒரு நூல் திட்டம் அனுப்பினார். கபோட் சாகவில்லை, அமெரிக்கக் கரையோரமாக வெகுதூரம் தெற்கே போய் 1500இல் ஊர் திரும்பினார் என்றது அது. நூல் வரவேயில்லை. 2005இல், 89 வயதில், ரடக் இறந்தார். தம் ஆய்வுக் குறிப்புகள் அனைத்தையும் அழித்துவிட வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். அப்படியே செய்தார்கள். 78 பைகள்.

இதைப் படித்த நாளிலிருந்து என்னால் ஆற முடியவில்லை. உழைப்பு அவருடையது, அதில் யாரும் பங்கு கேட்க முடியாது. ஆனால் எந்தப் பெட்டியில், எந்தச் சுருளில், எந்த வரியில் பார்த்தேன் என்ற குறிப்பு அவருடைய தனிச் சொத்தா? அதை அழித்ததால் அவருடைய கண்டுபிடிப்பே ஹட்டின் எரிந்த பிரதியின் பக்கத்தில் போய் நிற்கிறது. இவ்வளவு கவனமான ஓர் ஆய்வாளருக்கு இந்த நிலை வரலாமா?

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் எவான் ஜோன்ஸ் அந்த நூல் திட்டத்தை வாங்கிப் படித்து, அதிலிருந்து பின்னோக்கித் தேடத் தொடங்கினார். மார்கரெட் காண்டன் சேர்ந்துகொண்டார். ரடக் குடியிருந்த வீட்டைப் பார்க்க இருவருக்கும் அழைப்பு வந்தது. அவருடைய படிப்பறையில் தாள்களை அடுக்கி வைத்த பழைய அலமாரி மட்டும் மிச்சம். அதில் ஒட்டியிருந்த சீட்டு ஒன்றில் லண்டனின் பார்டி நிறுவனம் என்று இருந்தது; அது ஓர் இத்தாலிய வங்கி. அந்தத் துப்பைப் பிடித்துப் போனதில், இத்தாலிய ஆய்வாளர் குய்டி புரூஸ்கோலி ஃபிளாரன்ஸில் அந்த வங்கியின் பேரேட்டைக் கண்டெடுத்தார். 1496 ஏப்ரலில், புதிய நிலத்தைத் தேடிப் போகக் கபோட்டுக்கு 50 நோபிள் காசு கொடுத்ததாக அதில் பற்று. கபோட்டுக்குப் பணம் கொடுத்தவர்களில் ஒருவர் இப்படித்தான் கிடைத்தார்.

வில்லியம் வெஸ்டன் என்ற பிரிஸ்டல் வணிகரும் இப்படி மீண்டவர்தான். அவர் புதிய நிலத்தைத் தேடிக் கடல் போகவிருப்பதால் அவர்மீதான வழக்கை நிறுத்திவைக்கும்படி அரசர் தம் சான்சலருக்கு எழுதிய கடிதம், சான்சரி நீதிமன்றக் கட்டுகளில் கிடந்தது. 2009இல் வெளியானது. அவருக்கு 30 பவுண்டு வெகுமதி கொடுத்த வரியைப் பிறகு ஒரு வரிக்கணக்குச் சுருளில், மங்கிய மையைப் புற ஊதா ஒளியில் பார்த்துப் படித்தார்கள்.

கபோட் 1500இல் திரும்பினார் என்பதற்கான தாள் மட்டும் அகப்படவில்லை. 1498இல் கூடப்போன இத்தாலியத் துறவிகள் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு தேவாலயம் எழுப்பினார்கள் என்றும் ரடக் சொல்லியிருந்தார்; அதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. எந்த ஊர்க் காப்பகம் என்பதையாவது அவர் ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம்.