வாய்மொழி உத்தியோகமும் வழக்கும்

தியாகராய நகர் உஸ்மான் சாலையின் நகைக்கடையில் கணக்கெழுதப் போகிறவரும், மயிலாப்பூர் மாடவீதியை ஒட்டிய ஆடிட்டர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேரவிருப்பவரும், அடையாற்றில் ஒரு கிளினிக்கின் வரவேற்பு மேஜைக்கு அழைக்கப்பட்ட பெண்ணும், ‘ஒன்றாம் தேதி வந்து சேருங்கள், சம்பளம் இவ்வளவு’ என்ற தொலைபேசிச் சொல்லை நம்பியே, பார்த்துவந்த வேலையை ராஜினாமாச் செய்துவிடுகிறார்கள். அந்தச் சொல் பின்னர் திரும்பப் பெறப்படுகையில், கையில் ஆஃபர் லெட்டர் இல்லாத காரணத்தால் தமக்கு வழக்கே இல்லையென்று தாமே தீர்ப்பெழுதிக்கொண்டு மௌனமாகிவிடுகிறார்கள். இந்த அபிப்பிராயம் பிழையானது.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், எழுத்து அவசியம் என்று வேறொரு சட்டம் விதித்தாலொழிய, வாய்மொழி ஒப்பந்தத்தையும் ஒப்பந்தமாகவே அங்கீகரிக்கிறது. ‘வருகிறேன்’ என்ற சம்மதம் தெரிவிக்கப்படும்வரை முதலாளி தம் அழைப்பை விலக்கிக்கொள்ளலாம். சம்மதம் வந்தபின் அந்தச் சுதந்திரம் அவருக்கு இல்லை. வேலையில் சேரும் தேதிவரை காத்திருக்க வேண்டியதும் இல்லை: 1852-இல் இங்கிலாந்தில் ஜூன் முதல் தேதி தொடங்க வேண்டிய ஊழியத்திற்கு அமர்த்தப்பட்டு, மே மாதத்திலேயே வேண்டாமென்று சொல்லப்பட்ட ஹோச்ஸ்டர் என்பவர், ஜூன் பிறக்குமுன்பே தொடுத்த வழக்கு செல்லும் என்று மறு ஆண்டில் தீர்ப்பாயிற்று, நம் சட்டத்தின் 39-ஆம் பிரிவும் அந்த நியாயத்தையே தழுவியது. வழக்குத் தொடுக்க மூன்றாண்டு அவகாசம் உண்டு.

ஆயினும் நீதிமன்றம் அந்த நாற்காலியை வாங்கித் தராது. தனியார் நிறுவனத்தில் மனமொவ்வாத இருவரை எஜமானரும் ஊழியருமாகக் கட்டிவைப்பதில்லை என்பது சட்டத்தின் பொதுக் கொள்கை. அதில் எனக்குப் பிணக்கில்லை. கிடைக்கக்கூடியது நஷ்ட ஈடு. என் பிணக்கு அதன் அளவைப் பற்றியது. சேர்ந்த பின்னரும் ஒரு மாத நோட்டீஸில் நீக்கியிருக்கலாமே என்ற வாதத்தால் அத்தொகை அந்த நோட்டீஸ் காலச் சம்பளமாகச் சுருங்கிவிடக்கூடும். இழந்தது வராத வேலை மட்டுமா? பல வருஷம் ஜீவனமளித்த பழைய வேலையும் போயிற்றே! ராஜினாமாச் செய்யும்படி சொன்னவர், மறுவேலை தேடும் நியாயமான காலத்திற்கு அந்தப் பழைய சம்பளத்தையும் ஈடுசெய்வதே தர்மம் என்பது என் உறுதியான எண்ணம்.

நிரூபிக்கும் பாரமோ வாதியைச் சார்ந்தது. ஆகையால், தொலைபேசியில் சம்மதம் சொன்ன அன்றே பதவி, சம்பளம், சேரும் தேதி ஆகியவற்றைக் குறித்து மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்பிவிட வேண்டும்; மறுப்பின்றி அது நின்றாலே மதிப்புள்ள சாட்சியம். பெண்களுக்கு, வருமானம் எதுவாயினும், 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி இலவச வக்கீல் உதவி உண்டென்பதையும் பலர் அறியார்.

2016-இல் ஐ.ஐ.டி.களின் வேலைவாய்ப்புக் குழு, கொடுத்த வேலையைப் பறித்தல் முதலான குற்றங்களுக்காக 31 நிறுவனங்களைத் தன் வளாகங்களிலிருந்து விலக்கியது. அந்த மாணவர்களுக்காகப் பேச ஒரு பலம் பொருந்திய ஸ்தாபனம் இருந்தது. நகைக்கடைக் கணக்கருக்கு யார் இருக்கிறார்கள்? 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருப்பது வரவேற்கத்தக்கதே. எனினும் அக்கடமை, நியமனம் பெற்றவரைக் குறித்தது. சொல்லுக்கும் சேரும் நாளுக்கும் இடைப்பட்ட வாரங்களில்தான் ராஜினாமா நிகழ்கிறது. பழைய வேலையை விடச் சொல்லுமுன்பே கடிதம் கையில் சேர வேண்டும் என்று விதி வகுத்து, தவறுகிறவர்மீது தேனாம்பேட்டைத் தொழிலாளர் ஆணையரகத்திலேயே முறையிட வழிசெய்யுமாறு தமிழக அரசைக் கேட்கிறேன். ஒரு மாதச் சம்பளத்திற்காக உரிமையியல் நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் அலைய அந்தக் குமாஸ்தாவால் இயலாது.