தொண்டி – தேவிபட்டினம் – இராமேசுவரம் பயணியர் படகுச் சேவை: கோரிக்கை மனு

பெறுநர்: தமிழ்நாடு கடல்சார் வாரிய உயர் அலுவலர்கள், மாவட்ட ஆட்சியர், இராமநாதபுரம்.
அனுப்புநர்: பாக் விரிகுடாக் கரையோர ஊர்ப் பயணிகள் சங்கம்.



தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வழியாக இராமேசுவரத்துக்கு அரசே பயணியர் படகு விட வேண்டும் என்று கோருகிறோம். நாகப்பட்டினத்திலிருந்தே தொடங்கக் கேட்கவில்லை. காரணம் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து வந்து கோடியக்கரையைச் சுற்றியபின் இராமேசுவரத்துக்கு நேர்கோடு பிடித்தால், 1974 இந்திய – இலங்கை உடன்பாட்டில் வகுத்த கடல் எல்லையைப் படகு தாண்டிவிடும். கரையை ஒட்டி வளைந்து போகலாமென்றால் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் ஆழம் போதாது. 2022இல் அறிவிக்கப்பட்ட கடற்பசுப் பாதுகாப்பகத்தின் கடற்புல் படுகைகளும் அவ்வழியில்தான் இருக்கின்றன. தொண்டிக்குத் தெற்கே எல்லைச் சிக்கலும் பாதுகாப்பகச் சிக்கலும் இல்லை. பெரிய திட்டமாகக் கேட்டுக் கோப்பில் கிடப்பதைவிட, ஓடக்கூடிய ஒரு துண்டைக் கேட்பது மேல்.

சாலை இருக்கும்போது படகு எதற்கு என்று கேட்கலாம். தொண்டியிலிருந்து இராமேசுவரம் சாலையில் ஏறத்தாழ 100 கி.மீ.; கடலில் நேராகப் போனால் சுமார் 60. தேவிபட்டினத்தில் நின்று போனால் அந்த மிச்சமும் குறையும். ஆகவே, நேரம் மிச்சமாகும் என்று நாங்கள் வாதிடவில்லை. இராமேசுவரத் தீவுக்குள் போக 1988இல் திறந்த ஒரே சாலைப் பாலமும் ஒரு ரயில் பாலமும்தான் இருக்கின்றன. 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்து நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ரயில்கள் மண்டபத்தோடு நின்றன. அந்தக் கூட்டம் முழுவதையும் சாலைப் பாலமே தாங்கியது. ஆடி, தை அமாவாசைக்குத் தேவிபட்டினத்திலும் இராமேசுவரத்திலும் ஒரே நாளில் திரளும் மக்களுக்கு வேறு வழி ஏதும் கிடையாது. மூன்றாவது வழி ஒன்று வேண்டும் என்பதே எங்கள் வாதம்.

இந்தக் கடலில் கால அட்டவணைப்படி கப்பல் ஓட்ட முடியுமா என்ற ஐயத்துக்கு வரலாறு பதில் சொல்லியிருக்கிறது. 1914 முதல் 1964 புயல் வரை, சென்னை ரயிலில் வந்தவர்களைத் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல் ஏற்றிச் சென்றது. ஆனால் பருவத்தை மதிக்க வேண்டும். 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய நாகப்பட்டினம் – காங்கேசன்துறை (இலங்கை) கப்பல் சேவை சில நாள்களில் நின்று, 2024 ஆகஸ்டில்தான் மீண்டும் ஓடியது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வேளையில் சேவையைத் தொடங்குவது எந்தக் கணக்கில் சேர்த்தி? எனவே ஜனவரி முதல் செப்டம்பர் வரை மட்டும் படகு ஓடட்டும். மற்ற மாதங்களில் ஓடாது என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். வெள்ளோட்டத்துக்கு ஏற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் கடலில் இரா. கோடை விடுமுறைக் கூட்டமும் கிடைக்கும்.

மீனவர்களின் ஆட்சேபமே எல்லாவற்றிலும் கனமானது, நியாயமானதும்கூட. கரையை ஒட்டிய நீரில் நாட்டுப்படகுகளின் வலைகள் கிடக்கின்றன. ஒரு வலை அறுந்தால் ஒரு குடும்பத்தின் முதல் போயிற்று. ஆகவே பகலில் மட்டும், மிதவையிட்டுக் குறித்த தடத்தில் மட்டும் படகு செல்ல வேண்டும். அத்தடத்தை மீனவர் சங்கங்களின் ஒப்புதலோடு வகுக்க வேண்டும். வலை சேதமானால் உடனே இழப்பீடு தர ஒரு நிதியும் ஒதுக்க வேண்டும். தடைக்காலத்தில் விசைப்படகுகள் அடைத்துக் கட்டி நிற்கும் துறையில் பயணிகளை ஏற்றி இறக்க முடியாது. மூன்று ஊர்களிலும் பயணிகளுக்கெனத் தனி இறங்குதுறை கட்ட வேண்டும்.

மீன்பிடிப் படகுகளையே மாற்றி ஓட்டினால் செலவு குறையும் என்ற யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. 2011இல் பழவேற்காட்டிலும் 2023இல் கேரளத்தின் தானூரிலும் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகுகள் கவிழ்ந்து, ஒவ்வொன்றிலும் 22 பேர் மாண்டனர். தானூர்ப் படகு மீன்பிடிப் படகை மாற்றிச் செய்ததே. துறையிலேயே தலை எண்ணி ஏற்றுவதும், உயிர்காப்பு அங்கி அணியாதவரை ஏற்றாமல் விடுவதும் நடத்துநரின் கடமையாக வேண்டும். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு விடும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் அரசிடமே இருக்கிறது. இதையும் அக்கழகத்திடமே ஒப்படைக்கலாம். கட்டணம் பேருந்தைவிடச் சற்றுக் கூடலாம். நட்டத்தை அரசு ஏற்க வேண்டும். நார்வேயில் பெர்கன் – கிர்கெனெஸ் கரையோரக் கப்பல் சேவைக்கு அந்நாட்டு அரசு ஒப்பந்த முறையில் பணம் தருகிறது. நகரப் பேருந்தின் நட்டத்தை ஏற்கும் அரசுக்கு இது புதிய கொள்கையும் அல்ல.

இது குறித்துத் தொண்டியில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துமாறு வேண்டுகிறோம். இப்பகுதியில் விசைப்படகும் நாட்டுப்படகும் நாள் முறை வைத்துக் கடலுக்குப் போவதால், ஒரே நாளில் இரு தரப்பும் கரையில் இருப்பது அரிது. ஆதலால் கூட்டத்தை இரண்டு நாள் வைக்க வேண்டும்.

இங்ஙனம்,
சங்க நிர்வாகக் குழு